பொருளியல் பட்டம் இல்லாமல் நிதியியல் பேராசிரியர்: ஃபிஷர் பிளாக் சென்ற வழி இன்றும் திறந்திருக்கிறதா?

கேள்வி: மலைக்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு, சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தின் இடர் மேலாண்மைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நாள்தோறும் சந்தை முடிந்ததும் நிஃப்டி ஆப்ஷன்களின் (குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களின்) விலைப்பட்டியலை எடுத்து, அந்த விலைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஏற்ற இறக்க அளவைப் ஆப்ஷன் விலையைக் கணிக்கும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தைப் பின்னோக்கிப் போட்டுக் கணக்கிடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அந்தப் பெயரின் முதல் பாதிக்கு உரியவரான ஃபிஷர் பிளாக்கைப் பற்றிச் சென்ற மாதம் தேடிப் படித்தபோதுதான், அவர் பொருளியலிலோ நிதியியலிலோ ஒரு பட்டமும் பெற்றவர் அல்லர் என்பதும், அப்படியிருந்தும் 1972இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவே நியமிக்கப்பட்டார் என்பதும் தெரியவந்தன.

எனக்கு 31 வயது. வேலையை விட்டுவிட்டு நிதிப் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகலாமா என்று இரண்டு ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து வந்த ஒருவரை அன்றைய பல்கலைக்கழகங்கள் எப்படி ஏற்றுக்கொண்டன? அவருடைய வாழ்க்கையில் என்னைப் போன்றவர்கள் பின்பற்றக்கூடியது எது, அந்தக் காலத்தோடு முடிந்துபோனது எது? கல்வித்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஏட்டுச்சுவடி

வணக்கம். நான் ஒரு கல்லூரியில் நிதியியல் கற்பிக்கிறேன். பிளாக்கின் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருகிறேன். அவர் "வெளியிலிருந்து வந்தவர்" என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் முடிவெடுக்கக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிளாக் 1938இல் பிறந்தவர். ஹார்வர்டில் இயற்பியல் படித்து 1959இல் இளநிலைப் பட்டம் பெற்றார். அங்கேயே ஆய்வு மாணவராகச் சேர்ந்து, இயற்பியலிலிருந்து பயன்பாட்டுக் கணிதத்துக்கு மாறினார். எந்தப் பொருளில் ஆய்வேடு எழுதுவது என்று ஒரு நிலைக்கு வராமல் துறைவிட்டுத் துறை தாவிக்கொண்டிருந்ததால், இடையில் ஹார்வர்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு செயற்கை நுண்ணறிவு ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான மார்வின் மின்ஸ்கியின் துணையோடு, கேள்விகளுக்குத் தருக்க முறையில் விடை தேடும் கணினி நிரல் ஒன்றைப் பற்றி ஆய்வேடு எழுதி, 1964இல் ஹார்வர்டிலேயே முனைவர் பட்டம் பெற்றார். அவரிடம் இல்லாதிருந்தது பொருளியல் பட்டம் மட்டுமே. ஆய்வு செய்யக் கற்ற பயிற்சி இருந்தது.

1965இல் ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஜாக் டிரெய்னரைச் சந்தித்ததுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம். ஒரு பங்கு தரும் கூடுதல் வருவாய், ஒட்டுமொத்தச் சந்தையோடு அந்தப் பங்கு எவ்வளவு சேர்ந்து அசைகிறது என்பதைப் பொறுத்தது என்ற கருத்தை 1960களின் தொடக்கத்திலேயே தட்டச்சுப் படியாக எழுதி வைத்திருந்தவர் டிரெய்னர். அந்தக் கருத்தின் ஒழுங்கும் அழகும் பிளாக்கை அப்படியே பிடித்துக்கொண்டன. நிதியியலை அவர் கற்றது வகுப்பறையில் அன்று, பக்கத்து மேசைக்காரரிடம்.

அடுத்து வந்தவர் மைரன் ஷோல்ஸ். சிகாகோவில் முனைவர் பட்டம் முடித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் உதவிப் பேராசிரியராக அப்போதுதான் சேர்ந்திருந்தார். இருவரும் மைக்கேல் ஜென்சனோடு சேர்ந்து, 1926 முதலான நியூயார்க் பங்குச் சந்தை விலைகளை வைத்து டிரெய்னரும், அதே கருத்துக்குத் தனியாக வந்த வில்லியம் ஷார்ப்பும் சொன்ன மூலதனச் சொத்து விலைக் கோட்பாட்டைச் சோதித்தார்கள். சந்தையோடு குறைவாக அசையும் பங்குகள் கோட்பாடு சொன்னதைவிடக் கூடுதலாகவும், அதிகமாக அசையும் பங்குகள் அதைவிடக் குறைவாகவும் வருவாய் தந்திருந்தன. தாம் மிகவும் விரும்பிய ஒரு கோட்பாட்டைத் தரவு முழுமையாக ஆதரிக்கவில்லை என்பதைத் தாமே எழுதி வெளியிட்டதோடு நில்லாமல், ஏன் அப்படி நேர்கிறது என்பதற்கு, கடன் வாங்க இயலாத முதலீட்டாளர்களைக் கணக்கில் கொண்ட ஒரு விளக்கத்தையும் 1972இல் தனிக் கட்டுரையாகக் கொடுத்தார். சிகாகோ அவரை அழைத்ததற்கு ஆப்ஷன் சூத்திரம் மட்டும் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வேலையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பிளாக்கும் ஷோல்ஸும் தங்கள் சூத்திரத்தை எழுதிய ஆப்ஷன் கட்டுரையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1970இல் "ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி"க்கு அனுப்பப்பட்ட கட்டுரை உடனே திரும்பி வந்தது. அடுத்து "ரிவ்யூ ஆஃப் எகனாமிக்ஸ் அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" இதழும் திருப்பி அனுப்பியது. இரண்டு இடங்களிலும் மதிப்பாய்வாளர் ஒருவரிடம்கூடக் கட்டுரை போய்ச் சேரவில்லை. உறையின் மேல் பல்கலைக்கழக முகவரி இல்லாததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று பிளாக் பின்னாளில் எழுதினார். சிகாகோவின் மெர்டன் மில்லரும் யூஜின் ஃபாமாவும் கட்டுரையைப் படித்து விரிவான கருத்துகள் தந்ததோடு, முதல் இதழின் ஆசிரியர்களிடம் மீண்டும் பார்க்கும்படி சொன்னார்கள். திருத்தி எழுதப்பட்ட கட்டுரை 1973ஆம் ஆண்டின் மே-ஜூன் இதழில் வந்தது. அதற்குள் பிளாக் 1971இல் வருகைதரு பேராசிரியராகச் சிகாகோ போய், அடுத்த ஆண்டே அங்கு முழுநேரப் பேராசிரியராகிவிட்டார்.

பிளாக்குக்குக் கதவு திறந்தது உள்ளே இருந்தவர்களால்தான். ஆனால் அவர்கள் பரிந்துரைக்கும் அளவுக்கு அவரை அறிந்திருந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் தம் வரைவுகளை ஓயாமல் பலருக்கும் அனுப்பி, பதில் வாங்கி, மறுபடி எழுதிக்கொண்டிருந்ததுதான்.

பதில்: கொள்ளிடம்

ஏட்டுச்சுவடி அவர்களின் பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் முகவரியின் மீது அவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டியதில்லை. வில்லியம் ஷார்ப்பிடம் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 1961இல் பெற்ற பொருளியல் முனைவர் பட்டம் இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணியும் இருந்தது. அவருடைய மூலதனச் சொத்து விலைக் கட்டுரையையும் "ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்" முதலில் ஏற்கவில்லை. முதலீட்டாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எதிர்பார்க்கிறார்கள் என்ற எடுகோள் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று மதிப்பாய்வாளர் கருதினார். ஷார்ப் விடாமல் முயன்றார். இதழின் ஆசிரியர் பொறுப்பும் கைமாறியது. கட்டுரை 1964இல் வெளிவந்தது. 1990இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனி டிரெய்னரைப் பாருங்கள். அதே கருத்து, ஏறத்தாழ அதே காலம். ஆனால் அந்தத் தட்டச்சுப் படி கைக்குக் கை மாறிப் பலரால் படிக்கப்பட்டதே தவிர, அச்சில் வந்தது 1999இல்தான். பிளாக்கும் டிரெய்னரும் ஒரே நிறுவனத்தில், ஒரே மாதிரியான மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள். டிரெய்னர் பின்னாளில் ஒரு புகழ்பெற்ற நிதி இதழின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்து பெரும் மதிப்பைப் பெற்றார் என்றாலும், பேராசிரியர் வாழ்க்கை அவருக்கு அமையவில்லை. மலைக்கோட்டை அவர்களே, நீங்கள் பிளாக்கைப் படிப்பதற்குமுன் டிரெய்னரைப் படியுங்கள் என்பேன். எழுதியதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது அங்கே தெரியும்.

இன்னொரு திருத்தம். நீங்கள் தினமும் பயன்படுத்தும் சூத்திரத்துக்கு இன்று பாடநூல்களில் தரப்படும் நிரூபணம் பிளாக்கும் ஷோல்ஸும் முதலில் சென்ற பாதை அன்று. அவர்கள் மூலதனச் சொத்து விலைக் கோட்பாட்டின் வழியே ஒரு வகையீட்டுச் சமன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். பங்கையும் ஆப்ஷனையும் நொடிக்கு நொடி சரிக்கட்டிக்கொண்டே போனால் இடரே மிஞ்சாது என்ற வாதத்தைக் கொடுத்தவர் எம்.ஐ.டி.யில் இருந்த ராபர்ட் மெர்டன். கட்டுரையிலேயே அவருக்கு அந்தப் பெருமையைக் கொடுத்திருக்கிறார்கள்.

கணிதம் படித்தவர் என்பதால் உங்களுக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும். பங்கின் விலை இன்று 100 ரூபாய். நாளை 120 ஆகும் அல்லது 90 ஆகும். வட்டி இல்லை என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு வாங்கும் உரிமை தரும் ஆப்ஷன் நாளை 20 ரூபாய் பெறும் அல்லது ஒன்றும் பெறாது. நான் இரண்டு பங்குகளை வாங்கி, மூன்று ஆப்ஷன்களை விற்கிறேன். விலை ஏறினால் என்னிடம் 240இல் 60 போக 180. இறங்கினால் இரண்டு பங்குகளின் 180 அப்படியே இருக்கும். எப்படிப் போனாலும் 180 ரூபாய் என்றால், இன்றும் அதன் மதிப்பு 180தான். ஆக, 200 ரூபாய்ப் பங்கில் 20 ரூபாயை அந்த மூன்று ஆப்ஷன்கள் ஈடுகட்ட வேண்டும். ஓர் ஆப்ஷனின் விலை 6 ரூபாய் 67 காசு. பங்கு ஏறுவதற்கு எத்தனை வாய்ப்பு என்று நான் எங்கேயும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிளாக்கைத் திகைக்க வைத்ததும் இதுதான். 1969இல் அவர் எழுதிய சமன்பாட்டில் பங்கின் எதிர்பார்க்கும் வருவாய் காணாமற்போயிருந்தது. பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றிருந்தும் தமக்கு வகையீட்டுச் சமன்பாடுகளில் பழக்கம் போதாததால் அதைத் தீர்க்க முடியவில்லை என்று அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். இயற்பியல் படித்தவர், வெப்பம் பரவுவதைச் சொல்லும் சமன்பாட்டின் மறுவடிவமே தம் கையில் இருக்கிறது என்பதையும் அவர் அப்போது கண்டுகொள்ளவில்லை. சமன்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டார். பிறகு ஷோல்ஸோடு பேசத் தொடங்கியபோதுதான், எதிர்பார்க்கும் வருவாய் எதுவாக இருந்தாலும் விடை மாறாது என்றால் அதை வட்டி விகிதமாகவே எடுத்துக்கொள்ளலாமே என்ற வழி பிறந்தது. ஒருவராக உட்கார்ந்து தீர்க்க முடியாமல் போனது, இருவர் பேசியதும் தீர்ந்தது. ஒரு கல்வித்துறை வாழ்க்கையில் சக ஆய்வாளர்கள் எதற்கு என்று யாரேனும் என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பதில்: நான்காம் வரிசை

மேலே இருவரும் அன்றைய கதையைச் சொன்னார்கள். இன்றைய நிலையை நான் சொல்கிறேன். நான் 29 வயதில் பொறியியல் வேலையை விட்டு நிதியியல் முனைவர் படிப்பில் சேர்ந்தவன். இப்போது உதவிப் பேராசிரியர்.

1960களில் நிதியியல் என்பது இன்னும் உருவாகிக்கொண்டிருந்த துறை. சிகாகோவில் பங்கு விலைத் தரவு மையம் 1960இல் தொடங்கி, 1926 முதலான விலைகளைக் கணினியில் ஏற்றியது. அதற்குமுன் அவ்வளவு நீண்ட, நம்பகமான தரவு ஆய்வாளர்களிடம் இருக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் இயற்பியலிலிருந்தும் கணிதத்திலிருந்தும் வந்தவர்களுக்கு இடம் இருந்தது. மெர்டனும் பொறியியல் கணிதத்திலிருந்து வந்தவரே. ஆனால் அவர் எம்.ஐ.டி.யில் பால் சாமுவேல்சனிடம் முறையாகப் பொருளியல் படித்து 1970இல் முனைவர் பட்டம் வாங்கினார். இன்றைக்கு எஞ்சியிருப்பது மெர்டன் வந்த வழி. பிளாக் வந்த வழி ஏறத்தாழ மூடிவிட்டது என்பதை மனம் நோகாமல் சொல்லத் தெரியவில்லை.

நமக்கு அருகில் உள்ள எடுத்துக்காட்டு ரகுராம் ராஜன். தமிழ்க் குடும்பத்தில் போபாலில் பிறந்தவர், டெல்லி ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை, பிறகு எம்.ஐ.டி.யில் 1991இல் வங்கியியல் பற்றிய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம். அதே ஆண்டு சிகாகோவில் உதவிப் பேராசிரியர். நான்கே ஆண்டுகளில் பேராசிரியர். நாற்பது வயதுக்கு உட்பட்ட நிதியியல் ஆய்வாளருக்கு அமெரிக்க நிதியியல் சங்கம் வழங்கும் பரிசு பிளாக்கின் பெயரால் அமைந்தது. அதை 2003இல் முதன்முதலாகப் பெற்றவரும் ராஜன்தான். பன்னாட்டு நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர், ரிசர்வ் வங்கி ஆளுநர் என்று நாம் அறிந்த பதவிகள் எல்லாம் அதற்குப் பின் வந்தவை. ஒரு வங்கி, தன் வாடிக்கையாளரை மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருப்பதால் வரும் நன்மை என்ன, அதே அறிவை வைத்து அவரை அது எப்படி நெருக்கவும் முடிகிறது என்பதுதான் அவருடைய தொடக்கக் கட்டுரைகளின் பொருள்.

நீங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போனால் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆகும். முதல் இரண்டு ஆண்டுகள் பாடங்களும் தகுதித் தேர்வுகளும். நுண்பொருளியலும் பொருளாதார அளவையியலும்தான் கணிதக்காரர்களையும் திணற வைக்கும். கணக்கு கடினம் என்பதால் அன்று. "இந்த எண்ணுக்குக் காரணம் எது, விளைவு எது" என்ற கேள்வி நமக்குப் பழக்கமில்லாதது என்பதால். கடைசி ஆண்டில் ஒரே ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வேலைச் சந்தையில் நிற்க வேண்டும். அழைக்கும் பல்கலைக்கழகத்தில் ஒன்றரை மணி நேரம் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுவீர்கள். மூன்றாவது படம் திரையில் வருவதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும். வேலை கிடைத்த பிறகு ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகளில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில இதழ்களில் போதிய கட்டுரைகள் வெளிவந்திருந்தால்தான் நிரந்தரப் பணி. இந்தியாவிலேயே படிப்பதானால் ஐ.ஐ.எம்.களின் முனைவர் படிப்புகளில் உதவித்தொகை உண்டு. உங்களைப் போல வேலை அனுபவத்தோடு வருபவர்களும் அங்கு இருக்கிறார்கள்.

என் முதல் கட்டுரை ஓர் இதழில் பதினான்கு மாதங்கள் கிடந்து, நான்கு வரி மறுப்போடு திரும்பி வந்தது. அந்த நான்கு வரிகளில் ஒன்று என் தரவைப் பற்றியது. அது முழுக்கச் சரியாக இருந்தது. அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. அந்த வரியை வைத்தே கட்டுரையைப் பிரித்து மறுபடி கட்ட எட்டு மாதங்கள் ஆயின. இதைத் தாங்கும் மனம் உங்களுக்கு இருக்கிறதா என்பதை உங்கள் வயதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். 31 ஒரு தடையே அன்று.

மலைக்கோட்டை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டிரெய்னரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. நேற்று இரவு தேடிப் படித்தேன். இன்னும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிளாக் 1975இல் எம்.ஐ.டி.க்கு மாறி, 1984இல் அதையும் விட்டுவிட்டுக் கோல்ட்மன் சாக்ஸில் சேர்ந்தார் என்று படித்தேன். அவ்வளவு சிரமப்பட்டு உள்ளே போனவர் ஏன் வெளியே வந்தார்? கல்வித்துறை அவருக்குச் சலித்துவிட்டதா?

பதில்: ஏட்டுச்சுவடி

சலித்துவிட்டது என்று நான் படிக்கவில்லை. ஆய்வு செய்வதற்குப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் இடம் என்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கோல்ட்மன் சாக்ஸில் சேர்ந்த அடுத்த ஆண்டு அவர் அமெரிக்க நிதியியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1985 டிசம்பரில் அவர் ஆற்றிய தலைமையுரைதான், "இரைச்சல்" என்ற பொருளில் ஒற்றைச் சொல்லைத் தலைப்பாகக் கொண்டு 1986இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரை. செய்தி என்று நினைத்து வெறும் இரைச்சலை வைத்து வணிகம் செய்பவர்கள் இருப்பதால்தான் சந்தையில் வாங்கல் விற்றல் நடக்கிறது. அவர்களாலேயே விலையும் மதிப்பிலிருந்து விலகுகிறது என்கிறார். விலை, மதிப்பில் பாதிக்குக் குறையாமலும் இரு மடங்குக்கு மேற்படாமலும் இருந்தால் அதைத் திறமான சந்தை என்று கொள்ளலாம் என்றும், அந்த அளவுகோலின்படி பெரும்பாலான சந்தைகள் பெரும்பாலான நேரம் திறமானவையே என்றும் சொன்னார். சந்தை விலை எப்போதும் சரி என்ற கருத்துக்குத் தலைமையிடமான சிகாகோவில் பேராசிரியராக இருந்தவர் இவ்வளவு பெரிய இடைவெளியை ஒப்புக்கொண்டது அன்று பலரை அதிர வைத்தது.

சார்ல்ஸ் ஆற்றங்கரையிலிருந்து பார்ப்பதைவிட ஹட்சன் ஆற்றங்கரையிலிருந்து பார்க்கும்போது சந்தைகளின் திறம் வெகுவாகக் குறைந்து தெரிகிறது என்று அவர் சொன்னதாக ஒரு கூற்று உண்டு. முதல் ஆற்றின் கரையில் எம்.ஐ.டி.; இரண்டாவதன் கரையில் நியூயார்க். ஆனால் அந்தப் பாடம் அவருக்கு ஹட்சன் கரைக்கு வருவதற்கு முன்பே ஒருமுறை கிடைத்திருந்தது. சூத்திரம் கைக்கு வந்த புதிதில் பிளாக்கும் ஷோல்ஸும் மெர்டனும் அதை வைத்துச் சந்தையில் தேடி, மிகவும் மலிவாகத் தெரிந்த "நேஷனல் ஜெனரல்" என்ற நிறுவனத்தின் வாரன்ட்களை (நிறுவனமே வெளியிடும், ஆப்ஷன் போன்ற பங்கு வாங்கும் உரிமைகளை) வாங்கினார்கள். சிறிது காலத்தில் வேறொரு நிறுவனம் அதைக் கையகப்படுத்த முன்வந்தது. அந்த ஏற்பாட்டின் விதிகளால் வாரன்ட்களின் மதிப்பு சரிந்தது. விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் சந்தையில் மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, சூத்திரத்துக்குத் தெரியவில்லை. இதையும் பிளாக் தாமே எழுதி வைத்தார்.

கோல்ட்மன் சாக்ஸில் இருந்தபோதும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. வட்டி விகிதங்களுக்கான பிளாக்-டெர்மன்-டாய் மாதிரி 1990இல் வெளியானது. முதலீட்டுத் தொகுப்பைப் பிரிப்பதற்கு இன்றும் பயன்படும் பிளாக்-லிட்டர்மன் முறையும் அந்த ஆண்டுகளில் பிறந்ததே. 1995 ஆகஸ்டில், 57 வயதில், புற்றுநோயால் காலமானார். 1997இல் மெர்டனுக்கும் ஷோல்ஸுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, மறைந்தவர்களுக்கு அந்தப் பரிசு தரப்படுவதில்லை என்பதால் அவர் பெயர் பட்டியலில் இல்லை. ஆனால் அறிவிப்பின் வாசகத்திலேயே, மறைந்த ஃபிஷர் பிளாக்கோடு சேர்ந்து உருவாக்கிய சூத்திரம் என்று எழுதினார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் நிஃப்டி ஆப்ஷன்களைப் பார்த்து வருகிறீர்கள். சூத்திரம் சொல்வதற்கும் சந்தை தருவதற்கும் இடையே உங்களை உறுத்திய ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். விண்ணப்பம் எழுதுவதற்குமுன் அதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி எனக்கும் நான்காம் வரிசை அவர்களுக்கும் அனுப்புங்கள். இருவரும் படித்துக் கருத்துச் சொல்கிறோம்.

மலைக்கோட்டை

அப்படி ஒன்று இருக்கிறது, ஐயா. ஆப்ஷன் முடிவடையும் நாளன்று மதியத்துக்குமேல் நான் காணும் ஓர் அசைவு; இரண்டு ஆண்டுகளாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மாத இறுதிக்குள் அனுப்புகிறேன்.